தோசைக்கல்லில் ஐந்து வீகன் பர்கர்கள்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் உருப்படியாக வந்தது. முதல் ஞாயிறு புகை அலாரம் அலறியது. இரண்டாவது ஞாயிறு பன்னில் பால் இருந்தது. மூன்றாவது வாரம் ஐந்து வகையும் ஒழுங்காக வெந்து, எது என்ன ருசி என்று நிதானமாகச் சொல்ல முடிந்தது. எண்ணெய்க் கறை படிந்த நோட்டில் எடை, வெப்பம், நேரம் எல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறேன். கிறுக்கல் எனக்கே புரியாமல் போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. ஜனவரியில் வீகன் ஆனாள். கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. வீட்டுச் சாப்பாட்டில் பெரிய சிக்கல் வரவில்லை; சாம்பாரும் பொரியலும் துவையலும் எப்போதும் இருப்பவைதான். கோடை வந்ததும்தான் சிக்கல். நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சி எடிசனில் ஜூன் பிறந்தால் வாரம் ஒரு வீட்டுக் கொல்லையில் கிரில் புகையும். தோழிகள் எல்லாம் பர்கர் தின்ன, இவள் சிப்ஸ் பாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். "நல்லதா ஒண்ணு கண்டுபிடிச்சு ஃப்ரீசர்ல வைங்கப்பா, நான் கொண்டுபோய்க்கிறேன்" என்றாள். இவ்வளவுதான் வேலை. நான் அதை மூன்று வாரம் இழுத்தேன்.

முதலில் ஒரு பெயர்ப் பிரச்சினை. பர்கருக்குள் வைக்கும் வட்டத்தை மகள் 'பேட்டி' என்கிறாள். எனக்கு அது நேர்காணலாகக் கேட்கிறது. திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மாவுக்கோ அது 'பாட்டி' என்று விழுந்து, யாரையோ வாணலியில் போடப்போகிறோம் என்று நினைத்துவிட்டாள். ஆகவே இங்கே வில்லை என்றே எழுதுகிறேன்.

வாங்கப் போன கதை

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உறைந்த உணவு வரிசையில் மூன்று வகை எளிதாகக் கிடைத்தன. மெல்லிய சோயா வில்லை, கருப்பு பீன்ஸும் சோளமும் போட்டது, கேரட்டும் பட்டாணியும் கண்ணுக்குத் தெரிகிற காய்கறி வில்லை. புதுப் பாணியில் வந்திருக்கும், வேகாத இறைச்சி மாதிரியே இருக்கும் வகைகளை மட்டும் காணவில்லை. கடைப் பையனிடம் கேட்டால் கறிப் பகுதியைக் காட்டுகிறான். 2016இல், இந்த வகையில் ஒன்றான பியாண்ட் பர்கர் கொலராடோவின் போல்டர் நகரத்து ஹோல் ஃபுட்ஸ் கடையில் முதலில் விற்பனைக்கு வந்தபோதே கறி அலமாரியில்தான் வைத்தார்கள். கறி வாங்க வருகிறவன் கண்ணில் படவேண்டும் என்பது கணக்கு. என் கணக்கில் அது, எழுபது வருடம் சைவமாக வாழ்ந்த அம்மாவை மாட்டுக்கறித் தட்டுகளுக்கு நடுவே நிறுத்தி வைப்பதாக முடிந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நான் எடுத்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏல, பச்சைப் புள்ளிய எங்கல காணோம்?"

நியாயமான கேள்வி. இந்தியாவில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி உண்டு. இங்கே அந்த வழக்கமே இல்லை. முன்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பவேண்டும், அல்லது பின்பக்கத்தைப் படிக்கவேண்டும். நான் முன்பக்கத்தை நம்பினேன். கருப்பு பீன்ஸ் டப்பாவில் 'வெஜி பர்கர்' என்று பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் பின்பக்கத்தைப் படித்தாள்: முட்டை வெள்ளைக்கரு. வெஜி என்றால் கறி இல்லை என்றுதான் பொருள், வீகன் என்று பொருளில்லை. அந்த டப்பாவை நானும் மனைவியும் ஒரு வாரம் டிஃபனுக்குத் தின்று தீர்த்தோம்.

அப்புறம் ஒரு வழி பழகிக்கொண்டேன். சேர்மானப் பட்டியல் முழுவதையும் பொடி எழுத்தில் படிக்கத் தேவையில்லை. அதன் அடியில் 'கன்டெய்ன்ஸ்' என்று ஆரம்பிக்கும் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். பால், முட்டை, கோதுமை, சோயா, எள் முதலிய ஒன்பது ஒவ்வாமைப் பொருட்களையும் வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2023 ஜனவரியில். அந்த வரியில் பாலும் முட்டையும் இல்லையென்றால் முக்கால் கிணறு தாண்டிவிட்டோம். மிச்சம் தேன் மாதிரியானவை, அவற்றுக்கு மட்டும் மேலே தேடவேண்டும்.

கடைசியில் சேர்ந்த ஐந்தும் இவை. நிறுவனப் பெயர்கள் எதற்கு, நோட்டில் எண் போட்டிருந்தேன், அதுவே போதும்.

எண் 1: பட்டாணிப் புரதம், பீட்ரூட் நிறம். குளிர்பெட்டி வகை. ஒன்று 113 கிராம், இரண்டு வில்லை 5.99 டாலர்.

எண் 2: சோயாவும் ஹீமும் (ஹீம் என்னவென்று பின்னால் சொல்கிறேன்). 340 கிராம் கட்டியாக வருகிறது, நாமே தட்டிக்கொள்ள வேண்டும். 7.99 டாலர்.

எண் 3: மெல்லிய சோயா வில்லை. உறைந்தது. 71 கிராம், நான்கு 4.79 டாலர்.

எண் 4: கருப்பு பீன்ஸ், சோளம் (முட்டை இல்லாத டப்பா, இரண்டாவது முயற்சியில் கிடைத்தது). உறைந்தது, 71 கிராம், நான்கு 5.29 டாலர்.

எண் 5: காய்கறி வில்லை. உறைந்தது, 71 கிராம், நான்கு 5.49 டாலர்.

முதல் ஞாயிறு: எல்லாம் ஒரே மாதிரி

ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சமைக்கவேண்டும் என்று நினைத்தேன். அதுதான் முதல் தப்பு. இட்லி, தோசை, பணியாரம் மூன்றும் ஒரே மாவுதானே என்று மூன்றையும் கல்லில் ஊற்றுகிறவன் செய்கிற காரியம்.

ஐந்தையும் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் மேடையில் வைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தோசைக்கல்லைக் காயவைத்தேன். எல்லாவற்றின் மேலும் உப்பு, மிளகு, கொஞ்சம் கரம் மசாலா. கல்லில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். பெரிய தீ. போட்டதும், அடைக்குச் செய்வதுபோல, தோசைத் திருப்பியால் நன்றாக அழுத்தினேன்.

எண் 1, எண் 2 இரண்டிலும் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. வெட்டிப் பார்த்தால் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிவது அதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகுகிற சாமான். ஜூன் மாத அடுக்களையில் ஒரு மணி நேரம் வைத்ததில் வில்லை குழைந்துபோய், கையில் எடுத்தால் தொங்கியது. கல்லில் போட்டு அழுத்தியதும் உள்ளேயிருந்த கொழுப்பெல்லாம் வெளியே வந்தது. தோசைக்கல்லுக்கு விளிம்பு கிடையாது. கொழுப்பு ஓரம் வழியாக வடிந்து நேராகக் கேஸ் தீயில் விழுந்தது. குப்பென்று ஒரு சுடர், அப்புறம் புகை, அப்புறம் அலாரம். மனைவி ஈரத் துண்டை எடுத்து அலாரத்துக்கு வெண்சாமரம் வீச, நான் அடுப்பை அணைக்க, அம்மா பின்கதவைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

மற்ற மூன்றும் அமைதியாகக் கெட்டுப்போயின. எண் 4 உறை இளகியதில் சோற்றுருண்டை பதத்துக்கு வந்துவிட்டது. திருப்பும்போது பாதி கல்லிலும் பாதி கரண்டியிலும் நின்றது. எண் 5 ஒட்டிக்கொண்டு, சுரண்டி எடுத்தால் உதிர்ந்த பொரியல். எண் 3 மட்டும் முழுதாக வந்தது, ஆனால் செருப்புத் தோல். அதோடு எல்லாமே உப்புக் கரித்தன. டப்பாவைப் பார்த்தால் ஒரு வில்லைக்கு 350இலிருந்து 400 மில்லிகிராம் சோடியம் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். நான் அதற்கு மேல் உப்புத் தூவியிருக்கிறேன்.

அன்றைக்கு எண் 3தான் கடைசி என்று நோட்டில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அந்த வரியை அடிக்க வேண்டிவந்தது.

இரண்டாம் ஞாயிறு: தராசும் குத்தூசி வெப்பமானியும்

நடுவில் மூன்று சாமான் சேர்ந்தது. விளிம்புள்ள 10 அங்குல இரும்பு வாணலி, 20 டாலர். குத்திப் பார்க்கும் வெப்பமானி, 14 டாலர். ஒரு கிராம் துல்லியத்துக்கு அளக்கும் டிஜிட்டல் தராசு ஏற்கெனவே வீட்டில் இருந்தது. மனைவி கேக்குக்கு வைத்திருப்பது.

இந்தத் தடவை டப்பாவில் போட்டிருப்பதை அப்படியே செய்வது என்று முடிவு. குளிர்பெட்டி வகை இரண்டும் சமைக்கும் நொடிவரை ஃப்ரிட்ஜில். உறைந்த மூன்றும் ஃப்ரீசரிலிருந்து நேராகச் சூட்டுக்கு. உப்பு கிடையாது.

எண் 1 டப்பாவில் இரண்டு வில்லை இருப்பது வசதியாகப் போயிற்று. ஒன்றை அழுத்தியும் ஒன்றைத் தொடாமலும் வேகவைத்தேன். நடுத்தரத் தீ, பக்கத்துக்கு மூன்று நிமிடம், எண்ணெய் ஊற்றவில்லை. நடுவில் 165 ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் வந்ததும் எடுத்து நிறுத்தேன். அழுத்தாதது 113 கிராமிலிருந்து 90. அழுத்தியது 113இலிருந்து 78. பன்னிரண்டு கிராம் கொழுப்பையும் ஈரத்தையும் என் தோசைப் பழக்கம் வெளியே தள்ளியிருக்கிறது. வாயில் போட்டால் வித்தியாசம் தராசு காட்டியதைவிடப் பெரிது. அழுத்தாததில் கடித்ததும் சாறு வந்தது. அழுத்தியதில் மீல்மேக்கர் வாசம் வந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. முதல் இரண்டு நிமிடத்துக்குள் திருப்ப முயன்றால் பிய்கிறது; மூன்றாவது நிமிடம் அதுவாகவே பிடியை விடுகிறது. இதற்குள் சேர்த்திருக்கும் மெத்தில் செல்லுலோஸ் என்ற பிணைப்பான் சூடு ஏற ஏற இறுகும், ஆறினால் இளகும். கடல்பாசிக்கு நேர் எதிர். கடல்பாசி ஆறினால்தான் கட்டியாகும். இது அடுப்பில் இருக்கும்போதுதான் கட்டி. அதனால் வெந்ததும் சாப்பிட வேண்டும். பத்து நிமிடம் தட்டில் வைத்த துண்டைக் கிள்ளிப் பார்த்தேன், தொய்ந்திருந்தது.

எண் 1இன் டப்பாவைத் திறந்ததும் ஒரு வாசம் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊறவைத்து மறந்துபோன பருப்பு மாதிரி. சூடானதும் போய்விடுகிறது. ஆனால் திறக்கும்போது பசியோடு இருக்கிறவர்களைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

எண் 2ஐத் தட்டுவது ஒரு தனிக் கலை. கை வெதுவெதுப்புக்கே கொழுப்பு இளகி ஒட்டுகிறது. கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொண்டு, 113 கிராம் நிறுத்து, வடைக்குத் தட்டுவதுபோல வாழையிலைத் துண்டில் தட்டினேன். முக்கால் அங்குலக் கனம். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, இல்லாவிட்டால் வேகும்போது நடுவில் உப்பிப் பந்தாகிறது. இதில் இருக்கும் ஹீம் என்பது சோயாச் செடியின் வேர்முடிச்சில் இருக்கும் ஒரு புரதத்தோடு வருவது. அதை ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்துச் சேர்க்கிறார்கள். இரத்தத்துக்குச் சிவப்பு தருவதும் இதே ஹீம்தான். சூட்டில் இளஞ்சிவப்பு பழுப்பாக மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். மாறுவதற்கு முன்னால் ஒரு கட்டத்தில், மேல்பக்கத்தில் சிவப்பு நீர் முத்து முத்தாகத் துளிர்த்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னல இது, ரத்தம் மாதிரி வடியுது?"

செடிதாம்மா, சோயாதாம்மா என்று மகளும் நானும் மாறி மாறிச் சொன்னோம். "செடியா இருந்தா செடி மாதிரி இருக்க வேண்டியதுதான" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அன்று அந்த வாணலியில் செய்த எதையும் தொடவில்லை. இந்த வகையைச் செய்கிறவர்கள் எந்த வெற்றிக்காக இவ்வளவு பாடுபட்டார்களோ, அந்த வெற்றியே அம்மாவைப் பொறுத்தவரை தோல்வி.

உறைந்த வகைகளில் முதலில் எண் 4ஐ வாணலியில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் கருகத் தொடங்கியது. பக்கவாட்டில் வெப்பமானியைக் குத்தினால் நடுவில் 95 ஃபாரன்ஹீட், வெறும் 35 செல்சியஸ். மேலே கரி, உள்ளே வெறும் வெதுவெதுப்பு. அடுத்ததை ஏர் ஃப்ரையரில் 375 ஃபாரன்ஹீட்டில், அதாவது 190 செல்சியஸில், ஆறு நிமிடம், திருப்பி நான்கு நிமிடம் வைத்தேன். மேலே மொறுமொறு, உள்ளே சூடான பீன்ஸ். எடை 71இலிருந்து 66. எண் 5க்கும் அதே முறை, 71இலிருந்து 68, ஒரு துணுக்கு உதிரவில்லை. போன வாரம் பொரியலாகப் போனதும் இதுதானா என்றிருந்தது.

ஆர்வத்தில் எண் 1இன் இன்னொரு டப்பாவிலிருந்து ஒன்றை ஏர் ஃப்ரையரில் போட்டேன். கொழுப்பு அடித்தட்டில் சொட்டி மறுபடி புகை. அலாரம் அடிப்பதற்குள் இழுத்துவிட்டேன்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் பன் காலை வாரியது. நல்ல மிருதுவான உருளைக்கிழங்கு பன் வாங்கியிருந்தேன். மகள் பாதி பர்கர் சாப்பிட்ட பிறகு, சந்தேகம் வந்து பன் பொட்டலத்தைத் திருப்பினாள். பால். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். ஐந்து டப்பாவையும் பின்பக்கம் பார்த்து வாங்கிய நான், ரொட்டியில் பால் இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. பிரியோஷ் என்ற பெயர் இருந்தால் முட்டையும் வெண்ணெயும் சேர்ந்தே வரும் என்பதையும் அன்றுதான் உட்கார்ந்து படித்தேன். மாலையில் அவள் அறைக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த வாரம் பன் நான் வாங்குறேன்" என்றாள்.

மூன்றாம் ஞாயிறு: குச்சியும் எண்ணும்

மனைவி யோசனைப்படி, நான் சமைப்பது, அவள் வெட்டித் தட்டில் அடுக்குவது. ஒவ்வொன்றையும் நாலாக வெட்டி, பல்குத்தும் குச்சியில் எண்ணுக்குப் பதிலாக வண்ணம் தடவிச் செருகினாள். எந்த வண்ணம் எது என்று அவளுக்கு மட்டும் தெரியும். முதலில் பன் இல்லாமல், வெறும் வில்லை. அப்புறம் பன்னோடு. கண்ணைக் கட்டிச் சாப்பிடச் சொல்லலாமா என்று மகள் கேட்டாள். "கண்ணக் கெட்டிக்கிட்டுத் திங்க நான் என்ன சின்னப் பிள்ளையாட்டி" என்று அம்மா மறுத்துவிட்டாள். அவளுக்கு உறைந்த மூன்று வகை மட்டும், தனித் தட்டில்.

ஒன்றை மட்டும் மாற்றினேன். எண் 3. அது மெல்லியது, கொழுப்புக் குறைவு, ஏர் ஃப்ரையரில் போட்டால் காய்கிறது. கொழுப்பு வடியாது என்றால் விளிம்பு எதற்கு? பழைய தோசைக்கல்லையே எடுத்தேன். நடுத்தரத் தீ, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் சுற்றிலும் விட்டு, ஒரு மூடியால் மூடி மூன்று நிமிடம். திருப்பி, மூடாமல் மூன்று நிமிடம். ஓரமெல்லாம் அடை ஓரம் மாதிரி முறுகி வந்தது. எடை 65.

பன்னை மகள்தான் பொறுக்கி வாங்கினாள். மாவு, தண்ணீர், ஈஸ்ட், எண்ணெய், உப்பு, சர்க்கரை, அவ்வளவுதான். கல்லில் கவிழ்த்து ஒரு நிமிடம் வாட்டினேன். உள்ளே தடவ வீகன் மயோனைஸ் ஒரு பாட்டில் வாங்கியிருந்தேன். அம்மா காலை தோசைக்கு அரைத்த தேங்காய்த் துவையல் மிச்சமிருந்தது. மகள் ஒரு பக்கம் அதைத் தடவிப் பார்த்தாள். அதன் பிறகு மயோனைஸ் பாட்டிலை யாரும் திறக்கவில்லை. இன்னும் முக்கால் பாட்டில் கிடக்கிறது.

மகளுக்கு எண் 2. போன வருடம்வரை கோழி சாப்பிட்டவள், அவளுக்குக் கறியின் மெல்லும் பதம்தான் வேண்டியிருக்கிறது. எனக்கும் எண் 2தான் முதலில். அடுத்தது, வண்ணத்தை அவிழ்த்துச் சொன்னபோது நம்ப முடியவில்லை, எண் 3. ஒரு வில்லை ஒரு டாலர் இருபது காசு, முதல் வாரம் செருப்புத் தோல் என்று நான் எழுதிய அதே சாமான். மனைவிக்கு எண் 4. மற்றவற்றில் ஏதோ 'நடிப்பு' தெரிகிறது, பீன்ஸ் மட்டும் பீன்ஸாக இருக்கிறது என்றாள். அம்மா எண் 5ஐ மட்டும் முழுதாகத் தின்றாள். "இது நம்ம ரயில் கட்லெட்டுல்லா" என்று, பன்னைப் பிரித்து ஓரமாக வைத்துவிட்டு, புதினாத் துவையல் கேட்டாள்.

எண் 1க்கு யாரும் முதலிடம் தரவில்லை. ஆனால் அதைக் கழித்துக்கட்டவும் மனம் வரவில்லை. மிச்சமிருந்த ஒன்றைத் திங்கள் ராத்திரி உதிர்த்து, பரோட்டாத் துண்டுகள், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெஜிடபிள் சால்னாவோடு கல்லில் போட்டுக் கொத்தினேன். பன்னுக்குள் துருத்திக்கொண்டிருந்த அந்தப் பருப்பு வாசத்தைச் சால்னா விழுங்கிவிட்டது. நெல்லைக்காரனாகச் சொல்கிறேன், முட்டை இல்லாத கொத்தில் இதுவரை நான் தின்றதில் இது நல்ல கொத்து. பரோட்டா உறைந்த பாக்கெட்தான். அதன் பின்பக்கத்தையும் மகள் படித்துவிட்டே அனுமதித்தாள்.

வீட்டுக் கட்லெட்டும் ஒன்று

'கடையில் வாங்குவானேன், நான் செய்ய மாட்டேனா' என்று அம்மா மூன்றாம் ஞாயிறு காலையே உருளைக்கிழங்கு, பீட்ரூட், கேரட், பட்டாணி வேகவைத்து, ரஸ்க்குத் தூளில் புரட்டி ஆறு கட்லெட் தட்டியிருந்தாள். கணக்குப் போட்டால் ஒன்று அறுபது காசுக்குள். தனியாகத் தின்றால் ஐந்தையும் தோற்கடித்தது. பன்னுக்குள் வைத்துக் கடித்ததும் நாலு பக்கமும் பிதுங்கி, மகள் மடியில் விழுந்தது. உருளைக்கிழங்குக்குப் பல்லை எதிர்த்து நிற்கும் குணமில்லை. கடை வில்லைக்காரர்கள் மெத்தில் செல்லுலோஸைத் தேடிப் போனது எதற்கு என்று அந்த ஒரு கடியில் புரிந்தது. அம்மா துடைத்துக்கொண்டே, "பன்னுதான் சரியில்ல" என்றாள்.

காசு

வில்லைகளுக்கு மட்டும் மூன்று வாரத்தில் 78 டாலர் சொச்சம். வாணலியும் வெப்பமானியும் சேர்த்தால் 112. ஒரு வில்லை என்று பார்த்தால் எண் 1 மூன்று டாலர், எண் 3 ஒரு டாலர் இருபது காசு, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் எடை வேறு வேறு. 100 கிராமுக்குப் பார்த்தால் முறையே 2.65, 2.35, 1.69, 1.86, 1.93. இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிவிடுகிறது. புரதத்துக்குப் பார்த்தால் கதையே தலைகீழ். டப்பாக் கணக்குப்படி எண் 1இல் 20 கிராம், எண் 2இல் 19, எண் 3இல் 13, எண் 4இல் 10, எண் 5இல் 5. பத்து கிராம் புரதத்துக்கு எண் 3 தொண்ணூற்றிரண்டு காசு, எண் 5 இரண்டே முக்கால் டாலர். அம்மா ரயில் கட்லெட் என்று சொன்ன அந்த எண் 5தான் இருப்பதிலேயே விலை உயர்ந்த புரதம். ஆனால் புரதத்துக்காக யார் பர்கர் தின்கிறார்கள். அதற்குத் துவரம்பருப்பு இருக்கிறது.

இப்போது ஃப்ரீசரில் எண் 3 இரண்டு டப்பா, எண் 5 ஒன்று. எண் 2 கிரில் அழைப்பு வருகிற வாரம் மட்டும். மகளோடு ஒரு சின்ன அலுமினியத் தட்டும் கொடுத்தனுப்புகிறேன், மற்றவர்கள் கறி வாட்டிய கம்பிமேல் படாமல் வைக்க. தட்டுக்கு விளிம்பு இருப்பதால் கொழுப்பும் தீயில் சொட்டாது.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை நோட்டில் இருக்கின்றன. எண் 4ஐ ஏர் ஃப்ரையரில் வெந்ததும் கடைசியாக ஒரு நிமிடம் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு முறுகவைத்துப் பார்க்கவேண்டும். எண் 2ஐ 113 கிராமுக்குப் பதில் 85 கிராமாகத் தட்டினால் ஒரு கட்டியில் நான்கு வரும்; ருசி குறையுமா என்று பார்க்கவேண்டும். அம்மா கட்லெட்டில் உருளைக்கிழங்கைப் பாதியாக்கி, வேகவைத்து ஒன்றிரண்டாக மசித்த ராஜ்மாவும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துப் பன்னுக்குத் தாங்குகிறதா என்று ஒரு ஞாயிறு பார்க்கவேண்டும்.

அதற்கு அம்மாவிடம் வெப்பமானியைத் திரும்ப வாங்கவேண்டும். கொத்து போட்ட மறுநாள், "இது அதிரசப் பாகுக்குப் பதம் சொல்லுமால?" என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு கிலோ வெல்லம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள்.